மூலிகை நடுவது, அறுப்பது, காயவைப்பது, காய்ச்சுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வளவில் நாலு மருந்துச் செடி வைத்திருப்பவர்களும், சிறிதாகப் பயிரிட்டு விற்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெயர்கள் இங்குள்ள வழக்கப்படியே தரப்பட்டுள்ளன. இரண்டு செடிக்கு ஒரே பெயர் வழங்கும் இடங்களில் மட்டும் தாவரவியற் பெயரும் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் எவை தாமாகவே நன்றாக வளரும்?

மண்ணைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஆவரை, எருக்கு, யானைநெருஞ்சி, கற்றாழை தாக்குப்பிடிக்கும். உட்பக்கச் செம்மண்ணிலும் காட்டோரங்களிலும் வேம்பு, கொன்றை, விளா, நாவல், தேத்தா, காஞ்சிரை நிற்கும். தம்பலகாமம், கந்தளாய் போன்ற வயற்பகுதிகளில் குளக்கட்டும் வாய்க்கால் ஓரமுந்தான் மருந்துத் தோட்டம்: நீர்முள்ளி, வல்லாரை, கையாந்தகரை, பொன்னாங்காணி. ஆற்றங்கரைகளில் மருது. கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை மூன்றும் மழை பெய்து இரண்டு கிழமையில் யாரும் கேட்காமலே முற்றத்துக்கு வந்துவிடும்.

வராதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மரமஞ்சள், பொன்குறண்டி எல்லாம் தெற்கு, தென்மேற்கு ஈரக்காட்டுக் கொடிகள். இங்கு நட்டுக் காசை வீணாக்க வேண்டாம். அதிமதுரமும் அமுக்கிராவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை.

ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கிறதே, எதை எடுப்பது?

மருந்து பலிக்கவில்லை என்ற முறைப்பாட்டில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

நிலவேம்பு என்றால் தமிழ்நாட்டில் அண்ட்ரோகிராபிஸ் பனிக்குலேட்டா. முழங்கால் உயரம், நாற்சதுரத் தண்டு, வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளி. இலங்கைச் சரக்குக் கடைகளில் ‘பின்கொஹம்ப’ என்று சிங்களத்தில் கேட்டால் முறைப்படி தர வேண்டியது மன்ரோனியா பின்னாட்டா. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த, ஒரு சாணளவேயுள்ள சிறு செடி. கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் அதற்குப் பதிலாக முந்தியதைக் கட்டித் தருவார்கள். இரண்டும் கைக்கும், ஆனால் ஒன்றல்ல.

பற்படாகமும் அப்படித்தான். நம் நாட்டுப் ‘பஸ்பங்குவ’ ஐந்து சரக்குக் குடிநீரில் (கசாயத்தில்) கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகியவற்றோடு சேர்வது ஓல்டன்லாண்டியா கொறிம்போசா. தமிழ்நாட்டுச் சித்த நூலில் பற்படாகம் என்று படித்தால் அது மொல்லுகோ செர்வியானா. நூல் எந்தக் கரையில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டுச் சரக்கு வாங்குங்கள்.

சீந்திலில் தவறினால் விளைவு கெட்டது. மருந்துச் சீந்திலின் தண்டில் சிறு புள்ளிகள் இருக்கும், பழைய தோல் மெல்லிய தாளாக உரியும். தண்டு முழுவதும் மரு மருவாகப் புடைத்து, நாக்கில் வைக்க முடியாத கைப்பு இருந்தால் அது டினோஸ்போரா கிறிஸ்பா. அதை நாட்கணக்கில் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டோர் உண்டு. நல்ல சீந்திலையே நீண்டகாலம் குடித்தவர்களிடமும் ஈரல் பாதிப்பு 2020, 2021 காலப்பகுதியில் மும்பையில் பதிவானது. கொரோனாக் காலத்தில் அளவில்லாமல் குடித்ததன் பலன்.

எந்தப் பாகத்தை எப்போது வெட்ட வேண்டும்?

இலையைப் பூ வரத் தொடங்கும்போது, பனி உலர்ந்த பின் காலை எட்டு மணி தாண்டி எடுக்க வேண்டும். ஈர இலையைக் கட்டினால் அன்றிரவே கட்டின் நடு சூடேறிக் கறுக்கும். நிலவேம்புக்கு இந்த விதி மிக முக்கியம்: விதைத்து 90 முதல் 120 நாளில் முதற்பூ கண்டதும் அறுக்க வேண்டும். காய் முற்றும்வரை விட்டால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். மருந்துச் சத்து இலையில்தான் அதிகம்.

வேரும் கிழங்கும் இலை உதிர்ந்து செடி உறங்கும் காலத்தில். இங்கு அது ஆடி, ஆவணி. கச்சான் காற்று அடித்து மண் கல்லாய் இறுகிவிடுவதால் முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தோண்டுங்கள். இல்லாவிட்டால் சாத்தாவாரிக் கிழங்கு பாதியில் முறிந்து மண்ணுக்குள்ளே கிடக்கும்.

பட்டையை மரத்தைச் சுற்றி உரிக்கவே கூடாது. சுற்றளவில் காற்பங்குக்கு மேல் போகாமல், நெடுக்காக ஒரு கீலம். வளையமாக உரித்தால் இலை செய்த உணவு வேருக்கு இறங்காது, நின்ற நிலையில் மரம் பட்டுப்போகும். வீதியோர மருதுகளில் கை எட்டும் உயரத்தில் தெரியும் வடுக்கள் இந்த அவசரத்தின் அடையாளம்.

பழைய வைத்தியர்கள் செடிக்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லி, குறித்த நாளில்தான் பறித்தார்கள். மந்திரத்தை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வழியில் கண்டதையெல்லாம் பிடுங்காமல், இந்தச் செடி, இந்த நாள், இவ்வளவு என்று அது கையைக் கட்டியது என்னவோ உண்மை.

காயவைக்கும்போது இலை கறுக்கிறது அல்லது பூஞ்சணம் பிடிக்கிறது. ஏன்?

கறுத்தால் வெயில் அல்லது அடர்த்தி. பூஞ்சணம் என்றால் ஈரம். மூலிகை கெடுவது பெரும்பாலும் தோட்டத்தில் அல்ல, வெட்டிய முதல் இரண்டு நாளில்.

தறப்பாளை முற்றத்தில் விரித்துப் பரப்புவதுதான் வழக்கமான பிழை. கீழிருந்து காற்று வராது, இலை விட்ட ஈரம் தறப்பாளிலேயே நிற்கும், கோழியும் மண்ணும் இலவசம். இடுப்பளவு உயரத்தில் நாலு கதியால் நட்டு, சட்டம் அடித்து, மீன்வலையோ நுளம்புவலையோ இழுத்துக் கட்டுங்கள். மேலே கிடுகுக் கூரை. இலையை இரண்டு விரற்கடைக்கு மேல் தடிப்பாகப் பரப்பக் கூடாது. முதல் நாள் மூன்று தடவை கையால் கிளறிவிட வேண்டும், அதன் பின் காலை, மாலை போதும். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சானில் மூன்று, நாலு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும் வந்தால் நிழலில் மட்டும் நம்பியிருக்க முடியாது. 40 முதல் 45 பாகை செல்சியசுக்குள் சூடு கொடுக்கும் உலர்த்தி வேண்டும். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகை மணம் ஏறும், வாங்குபவர் முகர்ந்தவுடன் திருப்பித் தருவார்.

வேர்களைக் கழுவி, அரை விரற்கடை தடிப்பில் சீவி, நேரடி வெயிலிலேயே காயவைக்கலாம். முழுதாகப் போட்டால் வெளியே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே புளிக்கும். ஆவரம்பூ, வில்வம்பூ இரண்டையும் நிழலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

காய்ந்ததா என்று பார்க்க இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். தூளாக உதிர வேண்டும். ஆனால் ஏமாற்றுவது இலையல்ல, காம்பு. காம்பை வளைத்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள். விற்கும் சரக்கில் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலிருந்தால் சாக்குக்குள் பூஞ்சணம் வரும், சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது.

எவ்வளவு பச்சைக்கு எவ்வளவு காய்ந்தது கிடைக்கும்?

ஆடாதோடை, நொச்சி, நிலவேம்பு: நாலு, ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ. வல்லாரை நீர்க்கீரை என்பதால் ஏழு, எட்டுக் கிலோ வேண்டும். சாத்தாவாரிக் கிழங்கு தோல் நீக்கிக் காய்ந்தபின் பத்தில் ஒன்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விலை பேசும்போது பச்சை விலையா உலர் விலையா என்று கேட்காமல் தலையாட்டிவிட்டுப் பின்னர் கவலைப்படுபவர்கள் அதிகம்.

குடிநீர் காய்ச்சும் சரியான முறை என்ன?

இலங்கையில் நாட்டு வைத்தியர்கள் கைக்கொள்ளும் கணக்கு: மொத்தச் சரக்கு 12 கழஞ்சு, அதாவது 60 கிராம். தண்ணீர் எட்டு அளவு, அது ஓர் அளவாக வற்ற வேண்டும். ஓர் அளவு 240 மில்லிலீற்றர். ஆக 1,920 மில்லிலீற்றர் விட்டு 240 ஆக இறக்குவது. பன்னிரண்டு சரக்கு என்றால் ஒவ்வொன்றும் ஒரு கழஞ்சு, ஐந்து சரக்கு என்றால் ஒவ்வொன்றும் 12 கிராம். தமிழ்நாட்டு நூலில் ‘பலம்’ என்று வந்தால் 35 கிராம். இங்குள்ள குறிப்புகளில் அதே பலம் 12 கழஞ்சு, 60 கிராம். இந்த ஒரு சொல்லால் மருந்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

வற்றிய அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அடுப்பில் வைக்குமுன் சரக்கைச் சட்டியில் போட்டு, முதலில் ஓர் அளவு தண்ணீர் மட்டும் விட்டு, ஒரு தென்னம் ஈர்க்கை நிறுத்தி நீர் நிற்கும் இடத்தில் கிள்ளி அடையாளம் வையுங்கள். பிறகு மீதி ஏழு அளவை விடுங்கள். காய்ச்சும்போது அந்த ஈர்க்கை விட்டு விட்டுப் பார்த்தால் போதும். காய்ந்த வேர் கொஞ்சம் நீரை உறிஞ்சும் என்பதால் அடையாளத்துக்கு ஒரு நூல் மேலே இருக்கும்போதே இறக்கலாம்.

மண்சட்டி அல்லது எவர்சில்வர். இரும்புச் சட்டியில் கடுக்காய், நெல்லி, ஆவரை விழுந்தால் மை போலக் கறுக்கும். மெல்லிய தீ, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். தீயைக் கூட்டி அரை மணியில் வற்றவைத்தால் தண்ணீர்தான் போகும், வேரின் சத்து வேரிலேயே இருக்கும். மூடாமல் காய்ச்சுவதே வழக்கம். ஆனால் கொத்தமல்லி, துளசி, நொச்சி போல் மணமுள்ளவற்றை முதலிலேயே போட்டால் மணம் அடுப்படிக்கும் மருந்து வெறும் நீருக்கும் போகும். அவற்றைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டு மூடிவையுங்கள்.

காய்ந்த சரக்குச் சொன்ன இடத்தில் பச்சை எடுத்தால் இரண்டு மடங்கு. விதிவிலக்காக ஆடாதோடை, சீந்தில், சாத்தாவாரி பச்சையாகவே கணக்கிடப்படுபவை, அவற்றை இரட்டிக்கக் கூடாது. காய்ச்சியது அன்றைக்கு மட்டும். காலை பாதி, மாலை பாதி, மறுநாள் புதிதாக.

தைலம் காய்ச்சினால் சில நாளில் சிக்கு மணம் வருகிறதே?

நீர் மிச்சம் இருந்திருக்கும். அளவு: கற்கம் (அரைத்த சரக்கு விழுது) ஒன்று, எண்ணெய் நாலு, சாறு அல்லது குடிநீர் பதினாறு. நொச்சித் தைலத்துக்கு நல்லெண்ணெய் ஒரு லீற்றர், நொச்சியிலைச் சாறு நாலு லீற்றர், அரைத்த கற்கம் 250 கிராம். அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். மாலை இறக்கி மறுநாள் தொடரலாம்.

நீர் முடியும் தறுவாயில் எண்ணெய் நுரைத்து எழும்பும். அப்போது கற்கத்தில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுங்கள். சேறுபோல் ஒட்டினால் போதாது. மெழுகுபோல் திரண்டு திரியாக நீண்டால் மெழுகுப்பதம். அந்தத் திரியை எரியும் விளக்கில் காட்டினால் படபடக்காமல் எரிய வேண்டும். இன்னும் விட்டால் கற்கம் மணலாய்க் கரகரக்கும், அது மணற்பதம். அதையும் தாண்டினால் கருகல்தான், தலைக்கோ மூட்டுக்கோ உதவாது.

சிறிய வளவு, கிணற்று நீரில் உப்புச் சுவை. என்ன நடலாம்?

வேலியிலிருந்து தொடங்குங்கள். ஆடாதோடையையும் நொச்சியையும் கதியாலாகவே நடலாம்: விரல் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், மூன்று கணு இருக்குமாறு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள். ஐப்பசி முதல் மழையோடு நட்டால் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. ஆடும் ஆடாதோடையைத் தொடாது, பெயரே சொல்கிறது.

வேப்பமரம் நின்றால் அதன் அடியில் சீந்தில் துண்டு ஒன்றை ஊன்றிவிடுங்கள். வேம்பில் படர்ந்த சீந்திலுக்கு வைத்தியர்களிடம் தனி மதிப்பு உண்டு. வேம்பை விதையிலிருந்து முளைக்கவைக்க நினைப்பவர்கள் பழம் விழும் காலத்திலேயே, சதையைக் கழுவி நீக்கி, இரண்டு மூன்று கிழமைக்குள் போட வேண்டும். போத்தலில் சேமித்து மாரிக்குப் போட்டால் ஒன்றும் முளைக்காது. ஆவரை நேர்மாறு: விதைத்தோல் கடினம், வருடக்கணக்கில் கிடக்கும். கொதித்து இறக்கிய சுடுநீரில் போட்டு, அது ஆறும்வரை ஓர் இரவு விட்டால் முளைப்பு வரும்.

கற்றாழைக்கு ஓரளவு உப்புத் தண்ணீர் பரவாயில்லை, தேங்கும் நீர்தான் கூடாது. பக்கக்கன்றை இரண்டடி இடைவெளியில் நடுங்கள், பத்து மாதத்தில் வெளி இலைகளை அறுக்கலாம். அறுத்த இலையை நிமிர்த்தி வைத்துக் கால் மணித்தியாலம் மஞ்சள் பாலை வடியவிட வேண்டும். அந்தப் பால்தான் வயிற்றைக் கலக்குவது.

வல்லாரைக்கு உப்புநீர் ஆகாது. அதைவிட முக்கியம், கழிவு வாய்க்கால் ஓரத்து வல்லாரையைப் பிடுங்கிச் சம்பல் போடாதீர்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை அது இழுத்து வைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது. நல்ல நீர் கிடைக்கும் நிழற்பாத்தியில் ஓடுதண்டை நட்டு, இரண்டு மூன்று மாதத்தில் அறுவடை செய்யலாம்.

விற்பதற்குப் பயிரிட்டால் எதைக் கவனிக்க வேண்டும்?

வாங்குபவரை முதலில், செடியைப் பிறகு. எந்தப் பாகம், வெட்டியதா முழுதா, எவ்வளவு ஈரப்பதம் என்று எழுத்தில் கேளுங்கள். சாத்தாவாரி போன்றவை 18 முதல் 24 மாதம் நிலத்தைப் பிடித்திருக்கும், இடையில் காசு வராது. நிலவேம்பு ஒரே போகத்தில் முடியும் என்பதால் முதல் முயற்சிக்கு அதுவே நல்லது. விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து நாற்றுத் தவறணையில் தூவி, ஒரு மாத நாற்றாக நடுங்கள்.

காட்டிலிருந்து சேகரிப்பதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சரணாலயங்களுக்குள் கையே வைக்கக் கூடாது. காய்ந்த சரக்காக விற்பது வேறு, மருந்தென்று பெயரிட்டுப் போத்தலில் அடைப்பது வேறு. பின்னையது 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் எல்லைக்குள் வரும், ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

பழங்கால ஆதாரங்கள் ஏதும் அருகில் உண்டா?

அனுராதபுரம் போகும் ஏ12 வீதியில் மிகிந்தலையில் பழைய வைத்தியசாலையின் இடிபாடும், மனித உருவில் குடையப்பட்ட கல் மருந்துத்தொட்டியும் இன்றும் இருக்கின்றன. நோயாளியை மூலிகை எண்ணெயிலோ குடிநீரிலோ கிடத்தப் பயன்பட்டது. தமிழில் யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இந்நாட்டுச் சரக்குகளையும் அளவுகளையும் பேசுகின்றன. இன்று படிக்க விரும்புவோருக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், நிலாவெளி வீதி கோணேசபுரியில், சித்த மருத்துவப் பட்டப்படிப்பே நடக்கிறது.

வீட்டில் தொடவே கூடாதவை எவை?

ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி. பாம்புக்கடி மருந்தென்று பெயர் பெற்றவை, இரண்டிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயும் தரும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இலை அரைக்கும் நேரத்தில் வைத்தியசாலை வாசலைத் தொட்டுவிடலாம்.

கார்த்திகைப்பூவின் கலப்பைக் கிழங்கு. பார்வைக்கு வற்றாளை போலிருப்பதால் அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. காஞ்சிரங்கொட்டையைச் சுத்திசெய்வதும் வீட்டு வேலையல்ல.

குப்பைமேனி இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மேற்பூச்சுக்கு நல்லது. ஆனால் ஜீ6பீடீ என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்கள் இதன் இலையைக் கஞ்சியிலோ சாற்றிலோ குடித்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போகும். இது இலங்கையிலேயே 1990களில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. யாருக்கு அந்தக் குறை என்று முகத்தில் எழுதியிராது. கர்ப்பிணிகள் ஆடாதோடையை உள்ளுக்கு எடுக்கக் கூடாது, கருப்பையைச் சுருங்கவைக்கும்.

டெங்குக்கு நிலவேம்பும் மஞ்சட்காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லியும் போதுமா?

போதாது. 2017 இல் டெங்கால் கிண்ணியா பட்ட பாடு மறந்திருக்காது. டெங்கில் ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நாளில், நீர் குருதிக் குழாயைவிட்டுக் கசியும்போது. அப்போது வேண்டியது குருதிச் சோதனையும் அளந்து கொடுக்கும் திரவமும். நிலவேம்பு குடித்துச் சூடு இறங்கியது என்று வீட்டில் படுத்திருப்பதுதான் பயம்.

கண் மஞ்சளானால் எல்லாம் ஒரே காமாலை அல்ல. வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி உடனே தேவை. காரணம் தெரிந்தபின் கீழ்க்காய்நெல்லியைப் பற்றி வைத்தியரோடு பேசலாம். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் ஆவரையோ சீந்திலோ சேர்க்குமுன் சொல்லிவிட வேண்டும், மாத்திரையும் மூலிகையும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கலாம்.

தேத்தாங்கொட்டை தண்ணீரைச் சுத்தமாக்குமா?

தெளிவாக்கும். மண்பானையின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றினால் சேறு திரண்டு அடியில் படியும். கிருமி சாகாது. தெளிந்ததை வடித்துக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

போன வருடத்துத் தூள் ரின்னில் கிடக்கிறது, பாவிக்கலாமா?

முழுச் சரக்காக, காற்றுப் புகாத ரின்னில், உலர்ந்த இடத்தில் இருந்தால் இலை ஒரு வருடம், வேரும் பட்டையும் இரண்டு வருடம் வரை நிற்கும். தூள் ஆக்கிவிட்டால் சில மாதந்தான். திறந்து முகர்ந்து பாருங்கள். செடியின் மணம் இல்லையா, கட்டி பட்டிருக்கிறதா, சுளகில் கொட்டினால் சிறு வண்டு ஓடுகிறதா, பசளைக் கிடங்கில் போடுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம். அடுத்த முறை இடிக்கும்போது ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் இடியுங்கள், ரின்னின் வெளியே வெட்டிய திகதியை எழுதி ஒட்டுங்கள்.